புதிய ஃபிளாக்ஷிப் போனுக்கு மாறலாமா? மலையகத்தில் இருந்துகொண்டே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

தலவாக்கலையில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் யாராவது புதிய கைத்தொலைபேசி வாங்க நினைத்தால், ஹட்டனுக்கோ கண்டிக்கோ பஸ் ஏறுவதற்கு முன் பெரும்பாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அண்மைக் காலமாக அவர்களில் பலர் ஃபிளாக்ஷிப் போன்களைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒரு நிறுவனம் அந்த ஆண்டில் தன்னால் இயன்றவற்றிலேயே சிறந்தது என்று முன்னிறுத்தி, தன் விலைப்பட்டியலின் உச்சியில் வைத்து விற்கும் போனைத்தான் அப்படி அழைக்கிறார்கள். அந்தப் போன் நல்லதா என்று கேட்டால், நல்லது என்றே நானும் சொல்வேன். ஆனால் கையில் இருப்பதை விட்டுவிட்டு அதற்கு மாறுவது உங்களுக்குக் கட்டுமா என்பதற்குத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கொப்பியும் பேனாவும் ஒரு வார அவகாசமும் இருந்தால் அந்தக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

படி 1: ஒரு வாரம் குறைகளை எழுதி வையுங்கள்

இப்போதுள்ள போன் உங்களுக்குத் தொந்தரவு தரும் ஒவ்வொரு முறையும், நேரம், இடம், என்ன நடந்தது என்ற மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். "போன் சரியில்லை" என்று எழுதினால் பயன் இல்லை. "மாலை 6 மணி, வீட்டுக்குள், அம்மாவோடு பேசும்போது அழைப்பு அறுந்தது" என்று எழுத வேண்டும்.

என் சித்தியின் மகன் கமெராவுக்காகவே புதிய போன் வேண்டும் என்று உறுதியாக இருந்தான். ஏழு நாள் எழுதச் சொன்னேன். கொப்பியில் பதினொரு குறிப்புகள் இருந்தன. அவற்றில் ஆறு சிக்னல் பற்றியவை, மூன்று பேட்டரி பற்றியவை, இரண்டு போனில் இடம் நிரம்பிவிட்டதைப் பற்றியவை. கமெராவைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. விளம்பரத்தில் பார்த்த கமெராதான் அவன் மனதில் நின்றது, அவனை நாள்தோறும் வருத்தியது வேறாக இருந்தது.

படி 2: சிக்னலின் குறையையும் போனின் குறையையும் பிரித்துப் பாருங்கள்

மலையகத்தில் வாழும் நமக்கு இதுதான் மிக முக்கியமான படி என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ரேடியோ அலை மலையை ஊடுருவி வருவதில்லை. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு மலைத்தோள் குறுக்கே நின்றால், கோபுரம் அருகிலேயே இருந்தாலும் பள்ளத்தில் உள்ள லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, சிக்னல் சரியாக வந்து சேராது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடியிருந்தபோது, நம் பிள்ளைகள் பாடம் கேட்பதற்காகத் தேயிலை மலை உச்சிகளுக்கு ஏறியதும் இதனால்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனும் அந்த மலையை நகர்த்தாது.

முதலாவது சோதனைக்கு ஒரு புதிய போன் வைத்திருக்கும் உறவினரோ நண்பரோ வேண்டும். அவரிடம் சில நிமிடங்களுக்கு அதைக் கேட்டு வாங்கி, உங்கள் சிம்மை அதில் போட்டு, அழைப்பு அறுந்ததாக எழுதிய அதே இடத்தில் நின்று பேசிப் பாருங்கள். சித்தியின் மகனான அந்தத் தம்பி அப்படித்தான் பக்கத்துக் காம்பராக்காரரின் புதிய போனை வாங்கிக்கொண்டு வந்து, இஸ்தோப்பின் (முன் விறாந்தையின்) தூணோரத்தில் நின்று, கையை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுலயும் ஒத்தக் கோடுதான் நிக்குது, அண்ணே" என்றான். ஆறு குறிப்புகளையும் அங்கேயே கோடு போட்டு அடித்துவிட்டோம். அடுத்த நாள் வேறு சேவை நிறுவனத்தின் சிம் ஒன்றை அதே இடத்தில் வைத்துப் பார்த்தபோது, அவனது பழைய போனிலேயே மூன்று கோடுகள் வந்தன. எல்லாருக்கும் இப்படி வாய்க்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் டயலொக், மொபிட்டெல், ஹட்ச் ஆகியவற்றில் எது உங்கள் லயத்தில் நன்றாக எடுக்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் புதிய போனுக்குப் பணம் சேர்க்கத் தொடங்காதீர்கள்.

இரண்டாவது சோதனை பேட்டரிக்கு. சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும், அதை எட்டுவதற்காகத் தன் அலையின் வலுவையும் கூட்டும். இரண்டும் பேட்டரியைத் தின்னும். ஓரிரவு 10 மணிக்கு முழுமையாகச் சார்ஜ் செய்து, வழமைபோல் வைத்துவிட்டு, காலை 6 மணிக்கு எத்தனை சதவீதம் இருக்கிறது என்று எழுதுங்கள். மறுநாள் இரவு அதேபோல் சார்ஜ் செய்து, விமானப் பயண நிலையில் வைத்து, காலையில் மீண்டும் எழுதுங்கள். அந்த இரவில் எந்த அழைப்பும் வராது என்பதால், வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். முதல் இரவில் 20 சதவீதம் குறைந்து, இரண்டாம் இரவில் 3 சதவீதம் மட்டுமே குறைந்திருந்தால், பேட்டரியைத் தின்பது சிக்னல் தேடல்தான். அதே இடத்தில் புதிய போனும் அப்படியே தேடத்தான் செய்யும். இரண்டு இரவுகளிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் பேட்டரி பழசாகியிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

5ஜி பற்றி ஒரே வார்த்தை. உங்கள் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் 5ஜி எடுக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் அதற்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

படி 3: பழுதுபார்த்தால் தீரும் குறைகளைக் கழித்துவிடுங்கள்

லித்தியம் பேட்டரி தேயும் பொருள். ஐபோன் 14 வரையான மாதிரிகளின் பேட்டரி 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் தன் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும் வகையிலும், ஐபோன் 15 முதலானவற்றின் பேட்டரி 1000 சுற்றுகள் தாங்கும் வகையிலும் வடிவமைக்கப்பட்டுள்ளதாக ஆப்பிள் சொல்கிறது. நாளுக்கு ஒரு முழுச் சுற்று என்று கொண்டால் 500 சுற்றுகள் ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். ஐபோனில் அமைப்புகளுக்குள் பேட்டரிப் பகுதியில் இந்தச் சதவீதத்தைப் பார்க்கலாம். சாம்சங் போன்களில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியிலுள்ள பரிசோதனைப் பகுதி பேட்டரியின் நிலையைச் சொல்லும். 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், பேட்டரியை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அந்தத் தொகையைக் கொப்பியில் தனி வரியில் எழுதுங்கள்.

இங்கே குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி விடியலில் அங்கே புல்லின் மேல் உறைபனி படியும். குளிரில் பேட்டரியின் உள்மின்தடை கூடுவதால், தேய்ந்த பேட்டரி 20 சதவீதம் காட்டும்போதே போன் அணைந்துபோவதுண்டு, சட்டைப் பைக்குள் வைத்துச் சூடேறியதும் மறுபடி உயிர்பெறுவதும் உண்டு. ஜனவரி விடியலில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் வைத்துக்கொண்டு போன் செத்துவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள்.

மெதுவாக இயங்குவது பெரும்பாலும் இடம் நிரம்பியதால்தான். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பு பற்றிய பகுதிக்குச் சென்று, பெரிய வீடியோக்களையும் பலமுறை அனுப்பப்பட்ட படங்களையும் நீக்கி, மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கும்படி செய்யுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் துவாரத்தில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: மென்பொருளின் ஆயுளை எண்ணுங்கள்

நல்ல நிலையில் உள்ள போனையும் மாற்றியே ஆக வேண்டிய காரணம் ஒன்று உண்டு, அது பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோவது. வங்கிச் செயலி வைத்திருப்பவர்கள் இதை அசட்டை செய்யக் கூடாது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போனைப் பற்றிய பகுதியில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்த திகதி இருக்கும். அது ஓர் ஆண்டுக்கும் மேல் பழையது என்றால், புதிய போன் வாங்க உங்களுக்கு உண்மையான காரணம் இருக்கிறது.

இதில் பலரும் தவறவிடும் ஒரு செய்தி, இந்த ஆயுள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்லாமல் அந்த மாதிரி வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதுதான். 2022 இல் வந்த சாம்சங்கின் கலக்ஸி எஸ்22க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஐந்து ஆண்டுப் பாதுகாப்பும் மட்டுமே வாக்களிக்கப்பட்டன. 2023 ஒக்டோபரில் வந்த கூகிளின் பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியில் வந்த கலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டுகள் வாக்களிக்கப்பட்டன. 2018 இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் ஆகியவற்றுக்கு 2025 செப்டெம்பரில் வந்த ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை. ஆகவே ஏழாண்டு வாக்குறுதியுள்ள ஃபிளாக்ஷிப்பை, அடுத்த மாதிரி வந்து விலை இறங்கிய பிறகு வாங்கினாலும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் மிச்சம் இருக்கும். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது இந்த வழியைத்தான்.

படி 5: விளம்பரத்தில் உள்ளவற்றுள் இங்கே எது உதவும் என்று பாருங்கள்

புதிய போனின் சிறப்புகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் கொப்பியில் உள்ள எந்தக் குறையை அது தீர்க்கும் என்று குறியுங்கள். எதிரே எழுத ஒன்றும் இல்லாதவற்றுக்கு விலை கொடுக்க வேண்டாம்.

ஐபோன் 14 காலத்திலிருந்து பேசப்படும் செய்மதி வழி அவசர உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டு, உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் தவித்த நமக்கு, இப்படியொரு வசதி எவ்வளவு தேவை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஆப்பிள் அந்தச் சேவையை வழங்கத் தொடங்கிய நாடுகளில் இலங்கை இல்லை. வாங்கும் நாளில் நாட்டுப் பட்டியலைப் பார்த்து, இலங்கை இல்லையென்றால் அதை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவும் இப்படித்தான். ஆப்பிள் இண்டெலிஜென்ஸ் 2024 ஒக்டோபரில் வெளிவந்தபோது ஆங்கிலத்தில் மட்டுமே இயங்கியது. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனிடம் நம் வழக்கில் தமிழ் பேசிப் பார்த்து, அது புரிந்துகொள்கிறதா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

மிகப் பெரிய மாற்றம் என்று சொல்லப்படுவதும் சில வேளைகளில் சிறியதே. 2020 இல் வந்த கலக்ஸி எஸ்20 அல்ட்ராவிலும் 2025 இல் வந்த எஸ்25 அல்ட்ராவிலும், இடையில் வந்த எல்லா எஸ் வரிசை அல்ட்ராக்களிலும், பேட்டரியின் அளவு 5000 மில்லிஆம்பியர்-மணிதான். மழையிலும் மூடுபனியிலும் நடப்பவர்களுக்கு, தூசும் தண்ணீரும் உள்ளே புகாமல் காக்கும் ஐபி68 தகுதி உண்மையிலேயே பயன்படும், ஆனால் அந்தக் காப்பு காலப்போக்கில் தேயும், தண்ணீரால் ஏற்படும் பழுது பொதுவாக உத்தரவாதத்தில் அடங்காது. ஆப்பிள் 2020 இலும் சாம்சங் 2021 இலும் தம் ஃபிளாக்ஷிப்களின் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டதால், அதன் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் ஐபோன் 14க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் சிம் தட்டே கிடையாது, இலத்திரனியல் சிம் (இ-சிம்) மட்டுமே போடலாம்.

படி 6: விலையை நாட்சம்பளமாக மாற்றுங்கள்

ஒரு போனின் விலை 3 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் அது 222 நாள் கொழுந்து பறித்த கூலி. உங்கள் வீட்டில் யார் உழைக்கிறார்களோ அவரது ஒரு நாள் வருமானத்தால் வகுத்து, வரும் எண்ணைக் கொப்பியில் பெரிதாக எழுதுங்கள்.

அடுத்து ஆண்டுச் செலவு. விலையிலிருந்து, பின்னர் விற்றால் கிடைக்கக்கூடிய தொகையைக் கழித்து, வைத்திருக்கப்போகும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். 3 இலட்சத்துக்கு வாங்கி, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 60,000க்கு விற்றால் ஆண்டுக்கு 48,000 ரூபாய். அதையே இரண்டு ஆண்டுகளில் 1,60,000க்கு விற்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். இப்போது படி 3இல் எழுதிய பேட்டரிச் செலவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவணைக்கு வாங்குவதாக இருந்தால், எல்லாத் தவணைகளையும் கூட்டி வரும் மொத்தத்தைத்தான் விலையாகக் கொள்ள வேண்டும். நகையை அடகு வைத்து வாங்குவதாக இருந்தால் வட்டியையும் சேருங்கள். போனின் மதிப்பு மாதாமாதம் இறங்கிக்கொண்டிருக்கும்போது வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், இதற்காக நகையை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 7: வாங்குவது என்று முடிவானால், பணம் கொடுப்பதற்கு முன்

இத்தனைக்குப் பிறகும் கொப்பியில் அடிக்கப்படாத குறைகள் மிஞ்சி, அவற்றைப் புதிய போன் தீர்க்கும் என்றால், தயங்காமல் வாங்குங்கள். கடையில் உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுத்து, பேசும்போது 4ஜி அடையாளம் நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சில போன்கள் நம் நிறுவனங்களின் 4ஜி வழியில் பேசவிடாமல் கீழே இறங்கிவிடும். உத்தரவாதம் யாருடையது, பழுதானால் எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் கேளுங்கள். கொழும்புக்குத்தான் என்றால், ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுக்காக ஒரு கடையில் போன் வாங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ இலக்கம் பெட்டியில் அச்சிட்டிருந்ததும் போனில் இருந்த இலக்கமும் வேறு வேறாக இருந்ததைக் கவனித்தேன். திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் ஏற்கவில்லை. அந்தப் பணம் அக்கா இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. அன்றிலிருந்து நான் கடையிலேயே *#06# என்று அழுத்தி, திரையில் வரும் 15 இலக்கங்களைப் பெட்டியில் உள்ளவற்றோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன். பிறகு ஐஎம்இஐ என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களையும் தட்டி, 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறேன். அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். அந்தப் பதில் வந்து சேரும்வரை பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும்.