ஸ்லைடிங் கதவுக்குச் சீலிங்கை இறக்கிக் கட்டுவது எப்படி?

அலமாரிக் கதவின் உயரம் 2100 மி.மீ., சீலிங்கோ 2700 என்றால், கதவு ஓடும் மேல் டிராக்கைப் பிடிக்க ஒரு மரச்சட்டத்தைக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும்.

முதலில் கதவு எந்த வகை என்று பாருங்கள். கீழே சக்கரம் இருந்தால் எடை தரைக்குப் போய்விடும். மேல் டிராக் கதவைச் சாயாமல் பிடித்தால் போதும். மேலே தொங்கும் வகையில் முழு எடையும் சட்டத்தின் மேல்தான். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன்.

அளவு

டைல்ஸோ கார்ப்பெட்டோ போட்டு முடித்த தரையிலிருந்து அளக்கத் தொடங்குங்கள். இடது, நடு, வலது என மூன்று இடத்தில் மட்டம் பார்த்து, தரை எங்கே மேடாக இருக்கிறதோ அங்கிருந்து கணக்கிடுங்கள். கதவு உயரத்தோடு டிராக்குக்கான இடைவெளியைக் கூட்ட வேண்டும். அது டிராக்கோடு வரும் தாளில் இருக்கும். 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 2140. அடியில் 18 மி.மீ. பிளைவுட் வரும் என்பதால் மரச்சட்டத்தின் அடிப்பக்கம் 2158-இல் நிற்க வேண்டும். இரண்டு பக்கச் சுவரிலும் அந்த உயரத்தில் கோடு போடுங்கள்.

சட்டம்

ஜிப்சம் போர்டில் மட்டும் ஸ்க்ரூ அடித்தால் நிற்காது. ஒரு காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள். போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ வரிசையில் அது ஒட்டும். அந்த வரிசைக்கு மேலேதான் உத்தரம் ஓடுகிறது. உத்தரம் கதவுக்கு இணையாக ஓடி, உங்கள் கோட்டுக்கு நேராக அமையாவிட்டால், மேலே இரண்டு உத்தரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைகள் கொடுத்தாக வேண்டும். மேலே கான்கிரீட் தளம் என்றால் ஆங்கர் போல்ட். துளை போடுவதற்கு முன் உள்ளே ஒயர் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மேல் கட்டைகள் இரண்டு, முன்னும் பின்னும். இரண்டின் வெளி விளிம்புகளுக்கு இடையிலான அகலம் டிராக்கின் அகலத்துக்குக் குறையக் கூடாது. அப்புறம் சுவர்க் கோட்டில் பக்கக் கட்டைகள், அவற்றுக்கு நடுவே, அடிப்பக்கம் அதே கோட்டில் நிற்கும்படி கீழ்க் கட்டைகள். இடையில் நிற்கும் செங்குத்துத் துண்டுகளை மட்டும் மொத்தமாக ஒரே அளவில் வெட்டி வைக்காதீர்கள். சீலிங் எங்குமே சரியான மட்டத்தில் இருப்பதில்லை. ரசமட்டத்தைக் கீழ்க் கட்டையின் மேல் வைத்துக்கொண்டு, 400 மி.மீ.க்கு ஒன்றாக, அந்தந்த இடத்தில் அளந்து வெட்டுங்கள். ஒரு துண்டு சில மி.மீ. கூட வரும், அடுத்தது குறைய வரும், வரட்டும். சீலிங்கோடு தெரியும் கோணலைப் பிறகு பட்டி மறைத்துவிடும். கீழ்க் கட்டை கோணினால் கதவின் மேல்பக்கமோ பக்கச் சுவரோரமோ ஆப்பு வடிவச் சந்து விழும், அதை எதுவும் மறைக்காது.

முன்னும் பின்னும் ஆடாமலிருக்க, உள்ளே ஓரிரண்டு சாய்வுக் கட்டைகளையும் அடித்துவிடுங்கள்.

மூடி, டிராக் மாட்டுவது

அடியில் பிளைவுட், முன்பக்கம் ஜிப்சம் போர்டு. மேல் டிராக்கைப் பிளைவுட்டைத் தாண்டிக் கீழ்க் கட்டைக்குள் இறங்கும் நீளத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். அதன் பள்ளத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, கீழ் டிராக்கின் இடத்தை இரண்டு முனையிலும் குறியுங்கள். கதவைத் தாங்கும் வகை டிராக் என்றால் தரை தாழ்ந்த இடத்தில் அடியில் மெல்லிய தகடு கொடுத்து மட்டமாக்கணும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு மி.மீ. சாய்வைக் கதவின் சக்கரத் திருகிலேயே சரிசெய்துகொள்ளலாம்.