பிஇஓ கரைசல்: கட்டி தட்டாமல், சங்கிலி அறுக்காமல்

நுண்கால்வாயில் செல்களை ஒற்றை வரிசையில் ஓடவிட, இரு பக்கமும் வேறு திரவத்தைப் பாய்ச்சி நெருக்குவதுதான் பழைய வழக்கம். அதற்குக் கூடுதல் பம்ப் வேண்டும். ஓடும் திரவத்திலேயே துளி பாலிஎத்திலீன் ஆக்சைடைக் கரைத்துவிட்டால், நெருக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். இனி பிஇஓ என்கிறேன். அதன் நீளச் சங்கிலிகள் ஓட்டத்தில் இழுபட்டு, ரப்பர் போல மீளப் பார்க்கும். சுவரோரம் இழுப்பு அதிகம், நடுவில் குறைவு. துகள் நடுவுக்குத் தள்ளப்படும். தள்ளும் விசை துகளின் விட்டத்தின் மும்மடிக்கேற்பக் கூடும். அதனால் 10 மைக்ரான் மணி (சோதனைக்கு ஓட்டும் குட்டி பிளாஸ்டிக் உருண்டை) சட்டென்று வரிசைக்கு வரும், 2 மைக்ரான் மணி அடம்பிடிக்கும்.

நுண்கால்வாய் உள்ள சிப்பை வார்ப்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். 50 மைக்ரான் சதுரம், 4 செ.மீ. நீளம், நேர்கால்வாய். வளைவு நெளிவெல்லாம் இப்போது வேண்டாம்.

கரைசலுக்கு 100 மி.லி. பிபிஎஸ் (செல்களுக்கு ஒத்துப்போகும் உப்புக்கரைசல்), 20 லட்சம் மூலக்கூற்று எடையுள்ள பிஇஓ பொடி 100 மி.கி. வெறும் தண்ணீரில் கரைத்தால் செல்கள் ஊதி வெடித்துவிடும். பிபிஎஸ்ஸை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள். பொடி கரைந்தபின் 0.22 மைக்ரான் வடிகட்டியில் அழுத்தித் தள்ளினால் சங்கிலிகள் அறுபடும்.

நான் மாட்டிக்கொண்டதும் இந்தக் கரைசலில்தான். பொடியை ஒரேயடியாகக் கொட்டினேன். கொதிதண்ணீரில் கேழ்வரகு மாவைக் கொட்டியது போல, வெளியே வழவழ, உள்ளே காய்ந்த பொடி என்று கட்டி கட்டியாக மிதந்தது. கடுப்பில் மேக்னட்டிக் ஸ்டிரரை (காந்தத்தால் சுழலும் கலக்கியை) முழு வேகத்தில் வைத்துவிட்டு, கீழே கோப்பிக் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கண்ணாடி மாதிரி தெளிவு. மறுநாள் மணிகள் கால்வாயின் அகலம் முழுக்கப் பரவி ஓடின. சிப்தான் கோளாறு என்று இரண்டு முறை புதிதாக வார்த்தேன். மூன்று நாள் போச்சு.

கோளாறு சிப்பில் இல்லை. ஸ்டிரர் சங்கிலிகளை நறுக்கித் தள்ளியிருந்தது. சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பிப்பெட் நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிட்டு விழ விடுங்கள். நல்ல கரைசல் என்றால் சொட்டுக்குப் பின்னால் மெல்லிய இழை ஒன்று கணநேரம் இழுபடும். என் கரைசல் தண்ணீராட்டம் சொட்டியது. இப்போதெல்லாம் மெதுவாகச் சுழலும் பிபிஎஸ்ஸில் பொடியைக் கோலமாவு போலத் தூவுகிறேன். கலந்ததும் ஸ்டிரரை நிறுத்திவிட்டு, பாட்டிலை ரோலரில் இரவு முழுக்க உருளவிடுகிறேன்.

ஓட்டுவதற்குக் கண்ணாடி சிரிஞ்சுதான் என் கட்சி. பிளாஸ்டிக்கில் ரப்பர் தண்டு சிக்கிச் சிக்கி நகரும், ஓட்டமும் துள்ளும். நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டரில் தொடங்குங்கள். அந்த வேகத்தில் திரவம் சராசரியாக நொடிக்கு 7 செ.மீ. அளவிலும், நடுவே ஓடும் மணிகள் அதைவிட வேகமாகவும் பாய்வதால், சாதாரண கேமராவில் மணிகள் கோடாகத்தான் தெரியும். நடுவே ஒரே மெல்லிய கோடு என்றால் வெற்றி. ஓரங்களிலும் கோடுகள் தெரிந்தால் சில மணிகள் மூலைகளில் தங்கியிருக்கின்றன. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அவையும் நடுவுக்கு வரும். ரொம்பக் கூட்டினால் மறுபடி சிதறும்.

பின்சேர்க்கை: மணிகள் ஒழுங்காக ஓடின, ரத்தம் ஓடவில்லை என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். ரத்தத்தைப் பத்து மடங்குதான் நீர்த்திருக்கிறார். அந்த நெரிசலில் வரிசை ஏது? ஒரு மி.லி. கரைசலுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். அதிகம் ஊற்றினால் பிஇஓவும் நீர்த்துப்போகும். அப்புறம், சிவப்பணு தட்டை வடிவம். மணி போடும் கோட்டைவிட அதன் கோடு சற்றுத் தடிமனாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு சிப்பைப் பிரிக்காதீர்கள்.