ஊர் மாறி மாறி வளர்ந்தவர்கள் மேல்படிப்புக்கும் பயணத்துக்கும் தயாராவது எப்படி?

இரண்டு ஆண்டுக்கு ஒரு பள்ளி என்று வளர்ந்தவர்களுக்குப் புது இடம் பழகுவது பெரிய வேலையே இல்லை. அவர்கள் இடறுவது வேறு இடத்தில்: பாடத்தில் விழுந்த ஓட்டை, கைவிட்டுப்போன காகிதம்.

முதலில் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். சேர்ந்த மாதம், விலகிய மாதம், முகவரி, பள்ளி, வகுப்பு, பயிற்றுமொழி. ஆண்டின் நடுவில் பள்ளி மாறிய வரிகளை அடிக்கோடிடுங்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு பள்ளி பின்னங்களை முதல் பருவத்திலேயே முடித்திருக்கும், இன்னொன்று கடைசிக்குத் தள்ளியிருக்கும். இடையில் மாறியவர் அந்தப் பாடத்தை இரண்டு முறை கேட்டிருப்பார், இல்லையென்றால் கேட்டே இருக்க மாட்டார்.

எந்தப் பாடம் என்று கண்டுபிடிக்க, தடுக்கும் கணக்கிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஓர் எண்ணின் மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கும் சேர்ந்தால் 7. அந்த எண் எது? விடை 24.5 என்று வந்தால், இயற்கணிதத்தைக் குறை சொல்ல வேண்டாம். 1/3 + 1/4 என்பதை 2/7 என்று கூட்டியதுதான் பிழை. 7/12 என்று கூட்டியிருந்தால் 12 கிடைத்திருக்கும். இப்படி ஒவ்வொரு வகுப்பாக இறங்கி, பத்துக்கு ஒன்பது சரியாக வரும் இடத்தில் நின்று, அங்கிருந்து மேலே ஏறுங்கள். முதல் பக்கத்திலிருந்து முழுப் புத்தகத்தையும் படிக்கத் தொடங்குவது வீண். தெரிந்ததே திரும்பத் திரும்ப வந்து சலித்துவிடும்.

பயிற்றுமொழியும் மாறியிருந்தால், பல மொழிகளில் பேச்சு சரளமாக இருக்கும், கட்டுரை எழுத எதிலும் கை வராது. மேல்படிப்புக்கான மொழியை மட்டும் எடுத்து, படித்த ஒரு பக்கத்தைத் தினமும் ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள்.

அந்தக் கட்டம் விசாவுக்கும் உதவும். ஆஸ்திரேலிய விசாவுக்குக் காவல்துறைச் சான்று (குற்றப் பதிவு உண்டா இல்லையா என்று காட்டுவது) கேட்கும்போது, 16 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பார்கள். சான்றிதழ்களில் பெயரின் எழுத்து ஒன்றுக்கொன்று மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். திருத்தத்துக்குப் பெரும்பாலும் பழைய பள்ளியைத்தான் அணுக வேண்டியிருக்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

கடைசியாக, ஓரிடத்தில் நிலைக்க விடாத ஊர் மாறும் ஆசை. பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு முடிவில் 'இடம் மாறலாமே' என்று மனம் பறந்தால், பாடம் பிடிக்கவில்லையா, பழைய பழக்கம் இழுக்கிறதா என்று ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள். பாதியில் மாறினால் எடுத்த கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகு) எல்லாம் புதுக் கல்லூரியில் செல்லும் என்பதில்லை. எவை செல்லும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுங்கள்.