விலங்கு வீடியோவுக்குக் குரல் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டுமாடோ கரடியோ கண்ணில் பட்டால் உடனே வீடியோ எடுத்து, அதற்குக் குரலும் கொடுத்து வெளியிடும் இளைஞர்கள் இப்போது நிறைய. நல்ல விஷயம்தான். மலையில் நடப்பதை மலைக்காரர்களே சொல்லட்டும். ஆனால் உள்ளூர் கேபிள் டிவியில் பின்னணி பேசிக்கொண்டிருக்கும் எனக்கு, அவர்கள் அனுப்புவதைக் கேட்கும்போது மனம் பதறுகிறது. எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள், அதே குரல் ஏற்றத்தோடு திரும்பி வருகின்றன. உச்சரிப்பு, மைக் பிடிப்பது எல்லாம் பேசப் பேசச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரிவதையே திரும்பச் சொல்வது

வானொலி வர்ணனையில் கேட்பவருக்குக் கண் நீங்கள்தான். பனி இறங்குவதைக்கூடச் சொல்லியாக வேண்டும். வீடியோவில் அப்படியில்லை. "இதோ, கரடி கதவைத் தள்ளுகிறது" என்றால், அதுதான் தெரிகிறதே! படத்தில் இல்லாததைச் சொல்லுங்கள். அது என்ன நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, கரடி கோயில் கதவை ஏன் தள்ளுகிறது? விளக்கு எண்ணெய்க்காகக் கரடி கோயிலுக்குள் வருவது நம் ஊரில் பழகிய சேதி. சமவெளியில் பார்ப்பவருக்கு அது தெரியாது.

இயற்கைச் சத்தத்தின் மேல் பேசுவது

பேசாதீர்கள்.

விலங்கின் மனதுக்குள் புகுந்து பேசுவது

இதைப் பற்றித்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். எத்தனை பேரிடம் சொல்லியும் இந்த ஒன்று மட்டும் திருந்தவில்லை.

ஒரு தம்பி வீடியோ கொண்டு வந்தார். தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் காட்டுமாடு நிற்கிறது. இரண்டு பேர் கைபேசியை நீட்டியபடி கிட்டே போகிறார்கள். ஒருவர் விசில் அடிக்கிறார். மாடு தலையைத் தாழ்த்தி ஒருமுறை சீறுகிறது, பக்கவாட்டில் திரும்பி அப்படியே நிற்கிறது, அப்புறம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்து போய்விடுகிறது. அவ்வளவுதான் படம். இதற்கு அவர் பேசியிருந்தது: "வெறிகொண்ட காட்டுமாடு தொழிலாளர்களைக் கொல்லத் துடித்தது."

எந்த இடத்தில் துடித்தது? வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். பதில் இல்லை. ஆண் காட்டுமாடு தன் உடம்பின் பருமனைக் காட்டத்தான் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். ஒரு டன் வரை எடையுள்ள விலங்கு "இதற்கு மேல் கிட்டே வராதே" என்று சொல்லும் முறை அது. யானையும் அப்படித்தான், காதை விரித்து நாலடி ஓடிவந்து சட்டென்று நின்றுவிடும். இதை விளக்கியிருந்தால், அடுத்த முறை பார்ப்பவர் பின்வாங்கத் தெரிந்துகொண்டிருப்பார். விசில் அடித்ததையும் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டதால் பழி முழுக்க மாட்டின் மேல் விழுந்தது.

அந்த வீடியோ அதற்குள் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டது. மறுநாள் காலை கொழுந்து பறிக்கப் போக வேண்டிய பெண்கள் பயந்து தோட்டத்தில் இறங்கவில்லை, அன்றைய கூலி போயிற்று. மாலையில் பையன்கள் பட்டாசோடு கிளம்பினார்கள். சும்மா மேய்ந்துகொண்டிருந்த மாட்டை மிரட்டி ஓட விடுவதுதான் உண்மையான ஆபத்து.

பெரிய ஊடகங்களும் இதில் சளைத்தவை அல்ல. 2021-இல் நீலகிரியில் டி-23 என்று எண்ணிட்டு அழைக்கப்பட்ட புலியைத் தேடிய நாட்களில் "ஆட்கொல்லி" என்ற பட்டம் எல்லா வர்ணனையிலும் ஓடியது. மனிதர்கள் இறந்திருந்தார்கள், பயம் நியாயமானது. ஆனால் ஒரு புலி மனித உயிருக்கு ஆபத்தானதா, பிடிக்க முடியாத நிலையில் சுட வேண்டுமா என்பதை முடிவு செய்ய 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி வழிமுறை இருக்கிறது. மைக் பிடித்தவர் அந்த இடத்தில் உட்காரக் கூடாது. உடனே கொல்ல வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் மசினகுடிப் பக்கம் மயக்க ஊசி போட்டு அதை உயிரோடு பிடித்தார்கள்.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. தாளில் நெடுக்காக மூன்று பத்தி பிரியுங்கள். கண்ணால் பார்த்தது ஒன்று, பிறர் சொன்னது ஒன்று, நான் நினைப்பது ஒன்று. பேசும்போதும் எது எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். நம் பழைய உரையாசிரியர்கள் இதைச் சுத்தமாகச் செய்தார்கள். மூலம் தனியாக நிற்கும், பொழிப்பு தனி, விளக்கம் தனி. வேறொருவர் வேறு பொருள் கொண்டால் "என்பாரும் உளர்" என்று அதையும் பதிந்துவிட்டுப் போவார்கள். "பயந்துதான் திரும்பியது என்கிறார் தோட்டத்துக் காவலாளி" என்று நீங்களும் சொல்லலாம். வாக்கியம் கொஞ்சம் நீளும், நீளட்டும்.

விலங்கு நிற்கும் இடத்தை அப்போதே சொல்வது

ஒரு மணி நேரத்தில் அங்கே இருபது கார் நிற்கும். மறுநாள் சொல்லுங்கள்.

கருத்தைச் செய்திபோல் பேசுவது

கருத்துச் சொல்வது தப்பில்லை, வர்ணனையின் ஒரு பயனே அதுதான். நீலகிரியில் யானைகள் நடமாடும் சீகூர் வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அது செய்தி. அங்கே விடுதிகள் வந்திருக்கவே கூடாது என்பது என் கருத்து, அதை என் பெயரில் அழுத்திச் சொல்வேன். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே தொனியில் சொன்னால் தீர்ப்பையே சந்தேகிக்க ஆரம்பிப்பார்கள்.

திருத்தத்தைக் கீழே எழுதுவது

தவறாகப் பேசிவிட்டால் வீடியோவை நீக்கிவிட்டுச் சரியான குரலோடு மறுபடி ஏற்றுங்கள். முதலில் எந்தக் குழுக்களுக்கு அனுப்பினீர்களோ அங்கேயும் புதியதைப் போடுங்கள். கீழே இரண்டு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வாட்ஸ்அப்பில் கைமாறுவது வீடியோ மட்டும்தான், அந்த இரண்டு வரி கூடப் போகாது.