“மயக்கமா வருது” என்றால்: வார்டில் ஜூனியருக்குக் கேட்கச் சொல்லித்தருவது

சிங்கப்பூர் வார்டில் தமிழ்ப் பாட்டி “மயக்கமா வந்துச்சு” என்பார். ஹவுஸ் ஆபீசர் (பயிற்சியில் இருக்கும் ஜூனியர் டாக்டர்) ‘கிடினஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அங்கேதான் கோட்டை விடுகிறோம்: தலை சுற்றுவது, கண் இருட்டுவது, நினைவு தப்புவது எல்லாமே தமிழில் ‘மயக்கம்’தான். சீனியர் டாக்டர் காலை ரவுண்டில் பத்து நிமிடம் ஒதுக்கினால் இதைச் சொல்லித்தந்துவிடலாம்.

உள்ளே போகுமுன் கதவருகே நின்று, “உங்கள் கணிப்பு என்ன, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று ஜூனியரிடம் கேளுங்கள். பதில் தப்பாக இருந்தாலும் திருத்த வேண்டாம். நோயாளியிடம் போய் அவரே சரிபார்க்கட்டும்.

பாட்டியிடம் அனுமதி கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஜூனியரை உட்காரச் சொல்லுங்கள். டாக்டர் நின்றுகொண்டு கேட்டால், அவசரத்தில் இருக்கிறார் என்று பாட்டியும் ஒரு வரியில் முடித்துக்கொள்வார். பிறகு கேள்வி: “அறையே சுத்துச்சாம்மா, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா, இல்ல நினைவே தப்பிடுச்சா?” சுற்றினால் காரணம் உள்காது, சிறுமூளையில் இருக்கலாம். இருட்டினால் ரத்த அழுத்தம், நீரிழப்பு, இதயத் துடிப்பு. நினைவு தப்பியிருந்தால், உடன் இருந்தவரைத்தான் கேட்க வேண்டும்: எவ்வளவு நேரம், கைகால் இழுத்ததா, விழித்ததும் தெளிவாகப் பேசினாரா?

எழுந்து நிற்கும்போதுதான் வருகிறது என்றால் பிரஷரை முறையாக அளக்க வேண்டும். 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, நின்ற 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் மறுபடி. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் கணக்கில் எடுக்க வேண்டும். நர்ஸ் உட்காரவைத்து எடுத்த ஒரே அளவைப் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை.

சர்க்கரை நோயாளி என்றால் விரதத்தைக் கேட்காமல் விடாதீர்கள். புரட்டாசி சனிக்கிழமை சாப்பாட்டைத் தள்ளிவிட்டு சர்க்கரையைக் குறைக்கும் கிளிப்பிசைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டிருப்பார். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, பாட்டி விழுங்கும் நிலையில் இருந்தால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தெளிவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நரம்பு வழியாக குளுக்கோஸ்தான்.

“வாயு பிடிச்சிருக்கு” என்பது இன்னொரு பொறி. வயதான சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பே வாயுத் தொல்லை போல வரலாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் எழுதும் முன் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கட்டும்.

“மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?” என்றால் யாரும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) கொடுத்த மருந்துப் பையை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, “காலையில எதைப் போட்டீங்க, எடுத்துக் காட்டுங்கம்மா” என்று கேட்கட்டும். “வேற மருந்து?” என்றாலும் ‘இல்லை’ என்ற தலையாட்டல்தான் பதில். லேகியம், கஷாயம், ஊரிலிருந்து வந்த பொடி என்று பெயர் சொல்லிக் கேட்டால் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) வாங்கிய டப்பாவும் வெளியே வரும்.

மகன் மொழிபெயர்த்தால் பாட்டி நாலு வாக்கியம் பேசுவார், “வலி இல்லையாம்” என்று மகன் ஒரு வரியில் முடிப்பார். அப்போது தமிழ் தெரிந்த நர்ஸை அழையுங்கள். குறிப்பில் ‘மயக்கம்’ என்று பாட்டி சொன்னபடியே எழுதி, பக்கத்தில் அது எந்த வகை என்று குறிக்கட்டும்.

திருத்தவேண்டியதை வெளியே வந்து, ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். அதற்குமுன் அவர் சரியாகச் செய்ததையும் குறிப்பாகச் சொல்லிவிடுங்கள். ‘நன்று’ என்றால் எது நன்று என்று அவருக்குத் தெரியாது.