ஆட்டுக்குப் பூச்சி மருந்து: பேர் மாறினால் மருந்து மாறிவிடாது

"போன தடவை அல்பெண்டசோல் கொடுத்தேன், கேட்கவில்லை, அதனால் இந்தத் தடவை ஃபென்பெண்டசோல் வாங்கிவிட்டேன்." இப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். நானும் ரொம்ப நாள் இதையேதான் செய்துகொண்டிருந்தேன், பாட்டில் மாறுகிறது, நிறம் மாறுகிறது, ஆடு மட்டும் தேறவில்லை. காரணம் எளிது. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து, புழுவை ஒரே வழியில்தான் கொல்லும், ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதற்கும் பெரும்பாலும் சாகாது. ஐவர்மெக்டின், டோராமெக்டின், மாக்ஸிடெக்டின் மூன்றும் இன்னொரு குடும்பம். லெவாமிசோல் தனி. ஆக மருந்து மாற்றுகிறேன் என்று கிளம்பினால் லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் பேரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பதைப் படியுங்கள்.

அதற்கும் முன்னால், எந்தப் புழு? புழுக்கையில் அரிசி மாதிரி வெள்ளையாக நெளிவதைப் பார்த்ததும் பதறிப்போய் மருந்துக்கு ஓடுவோம். அது நாடாப்புழுவின் துண்டு, வளர்ந்த ஆட்டுக்குப் பெரிய கெடுதல் செய்வது அபூர்வம். ஆட்டைக் கொல்கிறது கண்ணில் படாத ஹீமான்கஸ் என்ற புழு. நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும், ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். இதில் கழிச்சல்கூட இருக்காது, ஆடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒரு நாள் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும்போதுதான் தெரியும். அதனால் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பார்க்கப் பழகுங்கள்: நல்ல சிவப்பு என்றால் கவலையில்லை, வெளுத்துப் போய்க் காகிதம் மாதிரி இருந்தால் அவசரம். ஆனால் ஈரல் புழுவும் உண்ணியும்கூட ரத்தத்தைக் குறைத்து இமையை வெளுக்க வைக்கும். ஐவர்மெக்டின், லெவாமிசோல் இரண்டுமே ஈரல் புழுவுக்கோ நாடாப்புழுவுக்கோ கேட்காது. குட்டிகளின் கழிச்சல் பல நேரம் காக்சிடியா என்ற ஒற்றைச் செல் கிருமியால் வருவது, அது புழுவே இல்லை, எந்தப் பூச்சி மருந்தும் அதைத் தொடாது. கொஞ்சம் புழுக்கையை எடுத்துப்போய்ப் பரிசோதித்தால் இந்தக் குழப்பமெல்லாம் தீர்ந்துவிடும்.

அளவு விஷயத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். கண்ணால் பார்த்து "இது ஒரு இருபது கிலோ இருக்கும்" என்று நான் சொன்ன கிடாயைத் தராசில் ஏற்றினால் 28 கிலோ. 2.5 சதவீத அல்பெண்டசோல் என்றால் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் மருந்து. மருத்துவர் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், என் கணக்கில் 8 மில்லி, உண்மையில் வேண்டியது 11.2 மில்லி. குறைவாகக் கொடுத்தால் லேசான புழு சாகும், தாங்குகிற புழு தப்பித்து முட்டை போடும். இன்னொன்று, செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், பல மருந்துகளில் செம்மறி அளவில் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ தேவைப்படும். அதற்காக எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கிவிடாதீர்கள்! லெவாமிசோல் கூடினால் எச்சில் வடிந்து உடம்பு நடுங்கும், குளோசான்டெல் என்ற இன்னொரு புழு மருந்து கூடினால் கண் பார்வையே போய்விடும். மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குவதுதான் சரி.

சினை ஆடு என்றால் முதல் ஒரு மாதம் அல்பெண்டசோல் பக்கமே போகக்கூடாது, கரு ஊனமாகும். எப்போது கிடாய் சேர்ந்தது என்றே தெரியாத மந்தையில் இதை எளிதாக மறந்துவிடுவோம். பால், கறிக்கு விற்கிற ஆடு என்றால் மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் விற்காமல் நிறுத்த வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

முதுகில் ஊற்றுகிற மருந்து மாட்டுக்காகச் செய்தது, வெள்ளாட்டில் சரியாக உறிஞ்சப்படாது. வாய்வழி மருந்துதான் நல்லது. பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் படிந்திருக்கும், குலுக்காமல் ஊற்றினால் முதல் பத்து ஆட்டுக்கு வெறும் தண்ணீர், கடைசி ஆட்டுக்கு மொத்த மருந்து. வாயின் ஓரமாக நுழைத்து நாக்கின் பின்பக்கம் விடுங்கள், தலையை ரொம்பத் தூக்கினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

அப்புறம், மாதம் பிறந்தால் மந்தை முழுக்கக் கொடுக்கிற பழக்கம். எந்த மந்தையிலும் பெரும்பாலான புழு முட்டைகள் கொஞ்ச ஆடுகளின் புழுக்கையில்தான் வெளியே வரும். இமை சிவப்பாக, உடம்பு தேறி இருக்கிற ஆட்டை விட்டுவிட்டால், மருந்தே பார்க்காத புழு கொஞ்சம் தரையில் இருக்கும், தாங்குகிற புழுவோடு கலந்து அதன் கையை ஓங்க விடாது. எல்லா ஆட்டுக்கும் கொடுத்த கையோடு புது மேய்ச்சலுக்கு ஓட்டுவது பார்க்கச் சுத்தமான வேலை மாதிரி தெரியும், ஆனால் அங்கே போய் விழுகிற முட்டையெல்லாம் மருந்துக்குத் தப்பித்த புழுவுடையது.

கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று பார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. கொடுக்கிற நாளில் ஒரு தடவை, 10 முதல் 14 நாள் கழித்து ஒரு தடவை, அதே ஆடுகளின் புழுக்கையில் முட்டையை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். அளவும் கொடுத்த விதமும் சரியாக இருந்தும் குறையவில்லை என்றால், அந்தக் குடும்பத்து மருந்து எந்தப் பேரில் வந்தாலும் உங்கள் மந்தையில் அதை மட்டும் நம்பிப் பிரயோசனமில்லை.