டெனிஸ் கில்பிரைடைத் தேடுவது எப்படி?

விவசாயியாக இருந்து எம்.பி. ஆன ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், தேர்தல் முடிவுகளைத்தான் கை முதலில் தேடும். நானும் அப்படித் தொடங்கி ஒரு மாதத்தைக் கோட்டைவிட்டேன். அயர்லாந்துக்காரர் கில்பிரைடு வேண்டுமென்றால் முதலில் அவருடைய நிலக்கிழாரைப் பிடியுங்கள்.

அவர் லான்ஸ்டவுன் பிரபு. இன்று லீஷ் எனப்படும் மாவட்டத்தில் லகாகரன் நிலமெல்லாம் அவருடையது. 1887-ல் கனடாவில் கவர்னர் ஜெனரல், அடுத்த வருஷம் நம் நாட்டுக்கே வைஸ்ராய். பெரிய மனிதரைப் பற்றிய காகிதங்கள் அழிவதில்லை. அவற்றின் ஓரத்தில்தான் குத்தகைதாரர் கிடைப்பார்.

அடுத்து, 1886 அக்டோபரில் வெளியான, ஐரிஷ் குத்தகைதாரர்களின் போராட்டத் திட்டத்தை (Plan of Campaign) படியுங்கள். குத்தகையைக் குறைக்கக் கேட்பார்கள். நிலக்கிழார் மறுத்தால், நியாயமென்று பட்ட தொகையைப் பொது நிதியில் போட்டுவிடுவார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் சாப்பிடுவது அந்தப் பணத்தில். கில்பிரைடும் 1887-ல் வெளியேற்றப்பட்டார். இங்கே ஒரு எச்சரிக்கை: 'ஏழை உழவன்' என்று எழுதிவிடாதீர்கள். அவர் பெரும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். அதே வருஷம் மே மாதம், போராட்டத் தலைவர் வில்லியம் ஓ'பிரையனோடு கனடாவுக்கே போய், பிரபுவின் வாசலில் நியாயம் கேட்டார். டொராண்டோவில் அவர்கள் மீது கல் பறந்தது. செப்டம்பரில் தெற்குக் கெர்ரியின் எம்.பி.!

இனித்தான் தேர்தல். நீள நோட்டில் வருஷம், தொகுதி, கட்சி என்று மூன்று பத்தி போடுங்கள். 1895-ல் கெர்ரியிலும் வடக்குக் கால்வேயிலும் ஒரே பெயர் ஜெயித்திருப்பதைப் பார்த்து, இரண்டு கில்பிரைடுகள் என்று நினைத்து நான் தனித்தனியாகக் குறிப்பெடுத்திருந்தேன். ஒரே ஆள்தான், கால்வேயை வைத்துக்கொண்டு கெர்ரியை விட்டுக்கொடுத்தார். ஐரிஷ் கட்சித் தலைவர் பார்னெலின் விவகாரத்தில் கட்சி உடைந்தபோது அவருக்கு எதிரணி. 1903 முதல் தெற்குக் கில்டேர். 1918-ல் தனி நாடு கேட்ட சின் ஃபெயின் கட்சியின் ஆர்ட் ஓ'கானரிடம் தோல்வி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1901, 1911 மட்டும் இலவசமாகப் பாருங்கள். அதற்கு முந்தைய ஏடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, மெனக்கெட வேண்டாம்.

பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹான்சார்டு இணையத்தில் இருக்கிறது. அதில் 1887-லிருந்து வரிசையாகப் போகாதீர்கள். நேராக 1907-க்குப் போங்கள். வெளியேற்றப்பட்ட குத்தகைதாரர்களுக்கான சட்டம் அந்த வருஷம் விவாதத்துக்கு வந்து நிறைவேறியது. லகாகரனை விட்டு இருபது வருஷம் கழித்து, கில்பிரைடு அந்த அவையில் உறுப்பினர்.